எண்ணெய் வழியும் முகமும் இயற்கை வைத்தியமும்: உங்களுக்கு நடந்தது என்ன?

வெயில்நிழல்:

முகத்தில் எண்ணெய் வடிந்தால் இயற்கை முறையில் என்னென்ன செய்யலாம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் பட்டியல் வேண்டாம். உங்களுக்கோ உங்கள் கண்முன்னாலோ நடந்ததை எழுதுங்கள். எனக்கு ஒரு சம்பவம் மனதை விட்டுப் போகவே இல்லை.

தங்கைக்கு நெற்றியும் மூக்கும் எப்போதும் மினுமினுக்கும். யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சையைப் பாதியாக வெட்டி, தோலோடு அப்படியே முகத்தில் தேய்த்துக்கொண்டு, காயட்டும் என்று வெயிலில் உட்கார்ந்து புத்தகம் படித்திருக்கிறாள். அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் லேசாகச் சிவந்திருந்தது. அதற்கடுத்த நாள் காலையில் கொப்புளம். தோல் மருத்துவரிடம் போனோம். அவர் அவள் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினார். கொப்புளங்கள் கன்னத்தில் தொடங்கிக் கழுத்து வழியாகக் கோடாக இறங்கியிருந்தன, சாறு வழிந்த தடம் அப்படியே தெரிந்தது. நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே "எலுமிச்சையா?" என்றார்.

புளிப்பு மட்டும் காரணம் இல்லையாம். எலுமிச்சை வகைப் பழங்களில், குறிப்பாகத் தோலில், சோராலன் வகைப் பொருட்கள் இருக்கின்றன. அவை சருமத்தில் இருக்கும்போது வெயிலில் உள்ள யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் பட்டால் அந்த இடம் வெந்துவிடும், அதுவும் உடனே தெரியாமல் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். கொப்புளம் ஆறிய பிறகும் பழுப்புக் கறை மாதக்கணக்கில் இருந்தது. "ஆனா இது பழம்தானே டாக்டர்?" என்று அவள் அந்த அறையில் திரும்பத் திரும்பக் கேட்டாளே, அந்தக் குரல்தான் எனக்கு இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

மண்வாசம்:

எலுமிச்சையை எல்லோரும் திட்டுகிறார்கள், முல்தானி மட்டியைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. ஒரு அழகு நிலையத்தில் என் முகத்தில் அதைக் கெட்டியாகப் பூசி, மின்விசிறியை நேரே திருப்பி வைத்துவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கன்னம் இழுத்துப் பிடித்து எரிய ஆரம்பித்தது. கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு "பேசாதீங்க, விரிசல் விட்டுடும், நல்லாக் காய்ஞ்சாத்தான் எண்ணெய் எல்லாம் இறங்கும்" என்றாள். அப்புறம் காய்ந்து போன மண்ணின் மேல் சொரசொரப்பான துண்டை வைத்து ஒரே இழுப்பு. அந்த இழுப்பு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன். அன்று இரவு தலையணையில் கன்னத்தை வைக்க முடியவில்லை. மறுநாள் மதியத்துக்குள் மூக்கு பழையபடி பளபளத்தது, கன்னம் மட்டும் செதில் செதிலாக உரிந்தது.

மண் வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. மேலே நிற்கும் எண்ணெயை அது தன் மேல் ஒட்ட வைத்து எடுத்துவிடும், அது உண்மை. ஆனால் முழுக்கக் காயவிட்டால் கன்னத்துக்கு வேண்டிய ஈரத்தையும் சேர்த்து இழுத்துவிடும். ஓரம் வெளுத்து நடுவில் ஈரம் இருக்கும்போதே, பத்து நிமிடத்துக்குள், நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவ வேண்டும். நான் இப்போது நெற்றி, மூக்கு, முகவாய் மூன்றுக்கு மட்டும் வாரம் ஒரு தடவை போடுகிறேன். கன்னத்தில் போட யாரையும் விடமாட்டேன்.

பச்சிலை:

வெயில்நிழல், உங்கள் தங்கைக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது, ஆனால் தலைப்பைப் பார்த்தால் இயற்கை முறை என்றாலே ஆபத்து என்பது போல இருக்கிறது. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் கதை சின்னது. ஒரு கூட்டத்துக்கு முன்னால் லிஃப்டில் கூட வேலை செய்பவர் ஒருவர் டிஷ்யூவை நீட்டி "முகத்தைத் துடைச்சுக்கோங்க, உள்ள போட்டோ எடுப்பாங்க" என்றார். சுற்றி நாலு பேர் இருந்தார்கள். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் உள்ளே போய் நான் பேசியது எதுவும் எனக்கு நினைவில் இல்லை, அந்த டிஷ்யூ மட்டும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் சோப்பை விடுங்கள். சருமத்தின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 5 பக்கத்தில் லேசான அமிலமாக இருக்கும், சாதாரண சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் போகும். சமையல் சோடாவும் இதே கணக்குதான், அதை இயற்கை ஸ்க்ரப் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மென்மையான ஃபேஸ்வாஷ் காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, நன்றாக வியர்த்தால் இன்னொரு முறை, அவ்வளவுதான். எண்ணெய்ச் சருமத்துக்கு மாய்ஸ்சரைசர் வேண்டாம் என்பது தப்பு. கற்றாழை ஜெல் பூசுங்கள், அல்லது நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) 2 சதவீதம் உள்ள லேசான ஜெல், அது எண்ணெய் சுரப்பைக் கொஞ்சம் குறைப்பதாக ஆய்விலேயே வந்திருக்கிறது. கற்றாழையைச் செடியிலிருந்து வெட்டினால் உடனே பூசாதீர்கள், வெட்டிய இடத்திலிருந்து வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவ வேண்டும், அதுதான் அரிப்பைக் கொண்டுவருவது. எதையும் முகத்துக்குக் கொண்டுபோகும் முன் முழங்கையின் உள்பக்கத்தில் தடவிச் சில நாட்கள் பாருங்கள்.

பருவும் இருந்தால் டீ ட்ரீ எண்ணெய், ஒரு மரத்தின் இலையிலிருந்து எடுப்பது. 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் பருவுக்கு வழக்கமாகப் பூசும் மருந்தான பென்சாயில் பெராக்சைடை 5 சதவீதத்திலும் ஒப்பிட்டார்கள். இரண்டுமே பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, ஆனால் எரிச்சலும் வறட்சியும் குறைவு. 5 சதவீதம் என்பதைக் கவனியுங்கள், பாட்டிலிலிருந்து நேராக முகத்தில் வைத்தால் வெந்துபோகும். பழைய பாட்டிலும் வேண்டாம், காற்றுப் பட்டுப் பழசானால் ஒவ்வாமை வருவது கூடும். எண்ணெய் பூசப் பயப்படுகிறவர்களுக்கு ஜொஜோபா என்ற விதை எண்ணெய் இருக்கிறது, அது பெரும்பாலும் மெழுகு எஸ்டர் என்ற மெழுகு வகைப் பொருள், நம் சருமம் சுரக்கும் எண்ணெயிலும் கால் பங்கு அதே வகைதான். தண்ணீர் நிறையக் குடியுங்கள். பொறுமையாக இருங்கள்.

இரவுப்பணி:

பச்சிலை சொன்னதில் பாதி சரி. எண்ணெய் விஷயத்தில் மட்டும் நிறுத்துங்கள்.

எனக்கு நெற்றி முழுக்கக் குட்டிக் குட்டியாகப் புடைப்புகள், எல்லாம் ஒரே அளவில், அரிப்போடு. பரு என்றார்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன், அதிகமானது. எண்ணெயை எண்ணெயால்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு நண்பன் சொல்லி இரவில் தேங்காயெண்ணெய் தேய்த்தேன், இன்னும் அதிகமானது. கடைசியில் ஒரு டாக்டரம்மா என் நெற்றியில் சின்னக் கத்தியால் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் வைத்து, ஏதோ சொட்டுவிட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். பிறகு எழுந்து நின்று "வந்து நீங்களே பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன், வட்ட வட்டமாக, குவியல் குவியலாக. மலாசீசியா என்ற ஈஸ்ட், ஒரு வகைப் பூஞ்சை. எல்லோர் தோலிலும் இருப்பதுதான், கொழுப்புதான் அதற்குச் சாப்பாடு, தேங்காயெண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயிலும் உள்ள கொழுப்பு அமிலங்கள் அதற்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். ஆன்டிபயாடிக் அதற்குப் போட்டியாக இருந்த பாக்டீரியாவைக் கொன்று இதற்கு இடம் விட்டுக்கொடுத்திருக்கிறது.

பூஞ்சைக்கான மருந்து கொடுத்தார், அடங்கியது. அந்தக் கண்ணாடிச் சில்லைப் பார்த்த பிறகு ஜொஜோபா நல்லது, இது நல்லது என்று யார் சொன்னாலும் நான் நெற்றியில் எண்ணெய் வைப்பதில்லை. அரிக்கும் பரு, ஒரே அளவில் இருக்கும் பரு என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். தயவுசெய்து.

கீழ்வானம்:

தண்ணீர் குடிப்பது பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும் பச்சிலை. எனக்கு எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். தண்ணீர் குடி, முகத்தைக் கழுவு, தலையணை உறை மாற்று. நான் அழுக்காக இருக்கிறேன் என்பதைத்தான் எல்லோரும் வேறு வேறு மாதிரி சொல்கிறார்கள் என்று எனக்குப் படும்.

தாடை ஓரத்தில் பரு, மதியத்துக்குள் முகம் எண்ணெயில் மிதக்கும். மண், கடலை மாவு, கிரீன் டீ எல்லாம் செய்தவள் நான், ஒழுங்காகவே செய்தேன். ஒரு நாள் மருத்துவரிடம் உட்கார்ந்து நான் பூசுகிற பொருட்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு "மாதவிலக்கு ஒழுங்கா வருதாம்மா?" என்று கேட்டார். முகத்துக்காகப் போயிருக்கிறேன், அவர் அதைக் கேட்கிறார். வராது என்றேன். முகவாயில் முடி வளர்கிறதா என்று கேட்டார். வளர்ந்தது, பிடுங்கிக்கொண்டிருந்தேன், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அங்கேயே அழுதுவிட்டேன்.

பிசிஓஎஸ், பெண்களுக்கு வரும் ஒரு ஹார்மோன் கோளாறு. எண்ணெய்ச் சுரப்பிகளுக்குக் கட்டளை ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன்களிடமிருந்து வருகிறது. அது கூடுதலாக இருக்கும்போது மேலே எத்தனை மண் பூசினாலும் சுரப்பி தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். இதை நீங்கள் யாரும் தெரிந்து மறைத்தீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எண்ணெய் முகத்தோடு ஒரு பெண் வந்து கேட்டால் தண்ணீரைப் பற்றிச் சொல்வதற்கு முன் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். எனக்கு அதை யாராவது முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

பச்சிலை:

கீழ்வானம், தண்ணீர் பற்றிச் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், தாகத்துக்குக் குடிப்பது போதும், அதனால் எண்ணெய் குறையும் என்பதற்கு நானும் ஆதாரம் எதுவும் பார்த்ததில்லை. இரவுப்பணி, உங்களுக்கு வந்தது பூஞ்சை, எல்லோருக்கும் அது இல்லை. ஜொஜோபாவையும் தேங்காயெண்ணெயையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், தேங்காயெண்ணெய் துளைகளை அடைக்கும் என்று நானும்தான் சொல்வேன்.

இரவுப்பணி:

எல்லோருக்கும் இல்லைதான். ஆனால் இருக்கிறவனுக்கு அது பூஞ்சை என்று தெரியாதே, அதனால்தான் எழுதினேன்.

உலைக்களம்:

இதை எல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். நான் நாள் முழுக்க உலை பக்கத்தில் வேலை செய்கிறவன். தோலின் சூடு ஏற ஏற எண்ணெய் வெளியே வருவதும் ஏறும், அதை எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, என் முகமே சொல்லும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு இடைவேளையிலும் சோப்புப் போட்டுத் தேய்ப்பேன். மாலையில் தோல் எரியும், எண்ணெய் மட்டும் குறையாது. என்னைவிட ரொம்ப மூத்தவர் ஒருவர், அதிகம் பேசமாட்டார், ஒரு நாள் குழாயடியில் என் கையிலிருந்த சோப்பை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். மெல்லிய தாள் ஒன்றை எடுத்து என் நெற்றியில் வைத்து அழுத்தினார். தேய்க்கவில்லை, வெறுமனே அழுத்தி எடுத்தார். தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. "இவ்வளவுதான்யா, இதை எடுத்துட்டுப் பச்சைத்தண்ணி அடி, ராத்திரி வீட்ல போய்க் கழுவு" என்றார்.

இன்றைக்கு வரை அதுதான் செய்கிறேன். எண்ணெய் வருவது நிற்கவில்லை, எரிச்சல் நின்றுவிட்டது. கீழ்வானம், இரவுப்பணி இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி: சிகிச்சை முடிந்த பிறகு வெளியில் போகும்போது என்ன சன்ஸ்கிரீன் போடுகிறீர்கள்? நான் போட்ட கிரீம் எல்லாம் வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்குகிறது, ஜெல் வகை பரவாயில்லை என்றால் சொல்லுங்கள்.