பதில்: ஃபிளெக்ஸ் – ‘நெகிழ்வு’ வேண்டாமே

வணக்கம் நண்பர்களே,

நம் கலைச்சொல் பட்டியலில், பனிச்சரிவில் நின்றபடி சறுக்கும் ஸ்னோபோர்டுக்குப் ‘பனிப்பலகை’ என்று முடிவானதில் மகிழ்ச்சி. ‘பனிச்சறுக்கு’ ஸ்கீயிங்குக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அதில் காலுக்கு ஒன்றாக இரண்டு மட்டை, இதில் இரண்டு காலும் ஒரே பலகையில், ஆகவே குழப்பம் வராது. ஆனால் ஃபிளெக்ஸுக்கு, அதாவது பலகையோ பூட்ஸோ எவ்வளவு வளையும் என்பதற்கு, ‘நெகிழ்வு’ என்று பட்டியலில் ஏற்றப்போவதாக நேற்றைய மடலில் பார்த்தேன். தயவுசெய்து அதை நிறுத்திவையுங்கள்.

பூட்ஸானாலும் பலகையானாலும் பெரும்பாலும் 1 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்திருப்பார்கள். 1 மிக மென்மை, 10 மிகக் கடினம். இதை ‘நெகிழ்வு 8’ என்று தமிழில் எழுதினால், புதிதாகப் பழக வருகிறவர் நன்றாக வளையும் போலிருக்கிறது, நமக்கு இதுதான் சரி என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருக்கு வேண்டியதோ 2, 3, மிஞ்சினால் 4. விறைத்த பலகை வேகமாகப் போகிறவர்களுக்கானது. மெதுவாகத் திரும்பப் பழகும் காலத்தில் அது கால் சொல்வதைக் கேட்காது, சின்னத் தவறுக்கும் விளிம்பு பனியில் மாட்டி ஆளைக் கவிழ்த்துவிடும். எண் ஏற ஏற எது கூடுகிறதோ அதன் பெயரைத்தான் வைக்க வேண்டும். ‘விறைப்பு எண்’ என்பது என் பரிந்துரை. குளிரில் கை விறைப்பது நினைவுக்கு வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார், வரட்டும், இயற்பியல் பாடநூலிலேயே ‘விறைப்புக் குணகம்’ இருக்கிறது. பலகையைத் துணி பிழிவதுபோல் முறுக்கினால் எவ்வளவு எதிர்க்கிறது என்பதற்கும் ‘முறுக்கு விறைப்பு’ என்று இயல்பாக நீட்டிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் விளக்கக்குறிப்பில் சேருங்கள்: இதற்குப் பொது அளவுகோல் கிடையாது, ஒரு நிறுவனத்தின் 5 இன்னொன்றின் 5 ஆகாது.

அப்புறம் ‘ஹீல் லிஃப்ட்’டுக்கு வந்திருக்கும் ‘குதிகால் உயர்வு’. இதைப் படித்தால் ஹீல்ஸ் செருப்புதான் மனதில் வரும். இங்கே சொல்ல வருவது, முழங்காலை மடக்கி முன்னால் சாயும்போது பூட்ஸுக்குள் குதிகால் அடியைவிட்டு மேலே வருவது. பலகையின் விரல் பக்க விளிம்பில் திரும்ப வேண்டுமானால் கணைக்காலால் பூட்ஸின் நாக்கை அழுத்த வேண்டும். குதிகால் உள்ளே தனியாக எழும்பினால் அந்த அழுத்தம் பலகைக்குப் போய்ச் சேராது. ‘குதி எழும்பல்’ போதும், கடையில் நின்று சொன்னாலும் புரியும். கடையில் பார்க்க வேண்டியதும் இதுதான். ஒரே ஒரு காலுறையோடு, குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து நிமிர்ந்து நின்றால் விரல்கள் முனையை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் சற்றுப் பின்வாங்க வேண்டும், குதி அசையக் கூடாது. பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தென்ற உள்ளுறை பழகப் பழக அமுங்கி இடம் விடும் என்பதால் வாங்கும்போதே தாராளமாக இருப்பதை எடுக்காதீர்கள்.

பட்டியலில் பூட்ஸ் பகுதியைப் பலகைக்கு முன்னால் வையுங்கள். வாங்கும் வரிசையும் அதுதான், பலகையை வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம். பூட்ஸின் நீளம் தெரிந்தால்தான் பலகையின் ‘இடையகலம்’, அதாவது நடுவில் ஒடுங்கிய இடத்தின் அகலம், முடிவாகும், இல்லாவிட்டால் பூட்ஸ் முனை வெளியே நீட்டிப் பனியில் இழுபடும். பலகையின் நீளத்துக்கு மோவாய்க்கும் மூக்குக்கும் இடையில் என்று சொல்வார்கள், ஆனால் உடல் எடைதான் முதலில் பார்க்க வேண்டியது.

பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் பைண்டிங்குக்கு வந்த சொற்களில் ‘பிணைப்பி’யைவிடக் ‘கட்டு’ எனக்குப் பிடித்திருக்கிறது. வார் உள்ளது ‘வார்க்கட்டு’, மிதித்தால் பூட்டிக்கொள்வது ‘மிதிகட்டு’. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.