பாகப்பிரிவினை அப்பீல்: பில்டரையும் சேர்ப்பதா?

சிவில் அப்பீல் பார்க்கும் வக்கீல்களிடம் ஒரு யோசனை வேண்டும்.

சப் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு தள்ளுபடி. 12 சென்ட் மனை. வாதி தரப்பில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறோம். கெடு 30 நாள், தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாள்கள் கழியும், அதில் சிக்கலில்லை. வழக்கு நடக்கும்போதே பிரதிவாதி ஒரு பில்டருக்குக் கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தமும் (மனையில் ஃபிளாட் கட்டிப் பங்கிட) பவர் பத்திரமும் பதிந்து கொடுத்துவிட்டார். வில்லங்கச் சான்றில் வழக்கு பெரும்பாலும் ஏறாது. அதை நம்பியே பில்டர் இறங்கியிருப்பார்போல. வழக்கு நடக்கும்போது சொத்தில் உரிமை பெற்றவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்னும் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 52-ஆம் பிரிவு அவரைக் கட்டும்தான். ஆனால் கான்கிரீட் எழும்பி, ஃபிளாட்டுக்கு நாலு பேர் அட்வான்ஸ் கொடுத்தபின் அந்தப் பிரிவை வைத்து என்ன செய்ய?

சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 1 ரூல் 10-ல் பில்டரையும் ஒரு தரப்பாகச் சேர்த்துவிட்டு இடைக்காலத் தடை கேட்பதா, பிரதிவாதிமேல் மட்டும் முதலில் வாங்குவதா? சேர்த்தால் நோட்டீஸ் சர்வ் ஆகவே மாதங்கள் ஓடும். சேர்க்காமல் வாங்கிய தடையைச் சார்பதிவாளரிடம் கொடுத்துப் பதிவை நிறுத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.