வலைப்பூ எழுதியதில், படித்ததில் நேரில் கண்டது: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

இழையைத் தொடங்குபவர், ஈரோடு

அப்பா இறந்தபின் நிலத்தின் பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்ற நான் அலைந்த கதையை 2011 மார்ச்சில் என் வலைப்பூவில் பதிவாக எழுதினேன். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மூலப்பத்திர நகல், வில்லங்கம் என்று எதை எத்தனை நகல் எடுத்தேன், எந்த மேசையில் கொடுத்தேன், எத்தனை நாள் ஆனது எல்லாம் ஒன்றுவிடாமல் அதில் இருக்கும். சினிமாவும் அரசியலும் எழுதினால் ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். இந்தப் பதிவுக்கு மட்டும் வருடக்கணக்கில் பின்னூட்டம் வந்துகொண்டே இருந்தது. எதை எழுதுவது என்று கேட்கும் புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுங்கள்.

2019ல் கோபியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வரும்போது ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். "ஏனுங்க, பட்டா மாத்துறதப் பத்தி எழுதுனது நீங்கதானுங்களா?" என்றார். எனக்கு ஒரே மகிழ்ச்சி. அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். மடிப்பு கிழிந்து, பின்பக்கம் செலோடேப் ஒட்டியிருந்தது. என் பதிவேதான். மகன் படிக்கும் கல்லூரியில் அச்செடுத்ததாம். அதில் உள்ளபடியே எல்லாம் சேர்த்துக்கொண்டு இரண்டு தடவை தாலுகா அலுவலகம் போயிருக்கிறார். இப்போது இ-சேவை மையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கூலி போனது. அவர் கோபப்படவே இல்லை. "தேதி எங்கயும் போடலீங்களே" என்று மட்டும் கேட்டார்.

தேதியை எடுத்தது நான்தான். தேதி தெரிந்தால் பழசு என்று ஆட்கள் மூடிவிடுவார்கள், மறைத்துவிட்டால் தேடலில் வருகிறவர்கள் தங்குவார்கள் என்று அப்போது பலரும் ஆலோசனை சொன்னார்கள். வலைப்பூவின் பக்க அமைப்பில் (வார்ப்புரு) ஒரு டிக் எடுத்தால் போதும், எடுத்துவிட்டேன். அந்தத் தாளின் அடியில் பொடி எழுத்தில் வலைமுகவரி அச்சாகியிருந்தது, அதற்குள் 2011/03 என்று இருந்தது. அதை அவருக்குக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இது வருசமுங்களா?" என்றார்.

படிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிளாகர் என்பது கூகுளின் இலவச வலைப்பூச் சேவை; அதில் எழுதிய பதிவு எதுவானாலும் முகவரிக்குள் ஆண்டும் மாதமும் இருக்கும். பக்கத்தில் தேதி இல்லையென்றால் அங்கே பாருங்கள். கட்டணம், படிவம், மருந்து, சட்டம் பற்றிய பதிவென்றால் கட்டாயம் பாருங்கள்.

அன்று இரவே செல்போனில் அந்தப் பதிவைத் திறந்து மேலே ஒரு பத்தி சேர்த்தேன்: இது 2011 மார்ச்சில் எனக்கு நடந்தது, விண்ணப்பிக்கும் முறை மாறிவிட்டது, முதலில் இ-சேவை மையத்தில் கேளுங்கள். பதிவை நீக்கவில்லை. அடியில் மற்றவர்கள் எழுதியிருந்த பின்னூட்டங்கள் சில என் பதிவைவிடப் பயனுள்ளவை. பிறகு மூன்று வாரம் உட்கார்ந்து என் 140 பதிவுகளையும் படித்தேன். வழிமுறை சொல்லும் பதிவுகள் 17 இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் நடந்த மாதத்தைப் போட்டேன்.

இன்னொன்று. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாகர் முகவரியை 'பிளாக்-போஸ்ட்' என்று ஓர் எண்ணோடு தானே வைத்துவிடும். வெளியிடுமுன் நிரந்தர இணைப்பு என்ற இடத்தில் ரோமன் எழுத்தில் நீங்களே ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள். இணைப்பை வாட்ஸாப்பில் பார்க்கிறவருக்கு என்ன விஷயம் என்று தெரியும்.

தோகாவிலிருந்து ஒரு வாசகர்

நான் எழுதுகிறவன் இல்லை. பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் திரட்டி வழியாகப் படிக்க வந்தவன். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் பிடித்த பதிவுகளைச் சேமித்து வைப்பேன். இருநூறு இணைப்பு இருக்கும். 2020க்குப் பிறகு ஒரு நாள் திறந்தால் ஒன்றுகூட வரவில்லை. எல்லாரும் அழித்துவிட்டார்கள் என்று நினைத்து மனம் விட்டுப்போனது.

விஷயம் வேறு. பிளாகர் வலைப்பூக்களின் முகவரி பிளாக்ஸ்பாட் என்று இருக்கும். இந்தியாவிலிருந்து திறந்தால் அந்த முகவரி சில காலம் '.இன்' என்று தானே மாறிக்கொண்டிருந்தது. நான் ஊரில் இருந்தபோது சேமித்ததெல்லாம் அந்த முடிவோடு இருந்தது. 2020ல் அந்த '.இன்' முகவரி கூகுளின் கையைவிட்டே போய்விட்டது. அந்த இடத்தில் '.காம்' என்று மாற்றிப் போட்டால் போதும், பதிவு அங்கேயே இருக்கிறது. உடைந்த இணைப்பு என்று விட்டுவிட்டவர்கள் இதைச் செய்து பாருங்கள்.

முதலில் திறந்தது ஆட்டுக்கல் கொத்துவது பற்றி ஓர் ஆசிரியை எழுதியது. உளி பிடிக்கும் சாய்வு முதல் கொத்திய பிறகு தவிடு போட்டு ஆட்டிக் கழுவுவது வரை எழுதியிருப்பார். எட்டு வருடம் கழித்து முதல் பின்னூட்டம் போட்டேன். இரவு பதினொரு மணிக்குப் பதில் வந்தது: "இன்னும் இதைப் படிக்கிறீர்களா? நான் உள்ளே வந்தே ஐந்து வருடம் ஆகிறது." அடுத்த மாதம் அம்மிக்கல் பற்றி எழுதினார். படித்துவிட்டுப் பேசாமல் போகாதீர்கள். 'பயன்பட்டது' என்று ஒரு சொல் போதும்.

திருச்சியிலிருந்து ஒரு மகள்

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் பழுதுபார்க்க அங்கேதான் வரும். ஓய்வுபெற்ற பிறகு ஒரே விரலால் தட்டி 212 பதிவு எழுதினார். பாய்லர் குழாய் ஒன்று கசிந்தால் காதில் எப்படிக் கேட்கும் என்று மட்டும் ஒரு முழுப் பதிவு.

2021 ஆடியில் அப்பா போய்விட்டார். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. வலைப்பூ தெரிகிறது, ஆனால் உள்ளே நுழைய முடியாது. 2 ஆண்டு பயன்படுத்தாத கணக்குகளை நீக்கப்போவதாக 2023 மே மாதம் கூகுள் அறிவித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வேலை முடிந்து வந்து தினம் பத்துப் பதினைந்து பதிவாகக் கோப்பில் எடுத்து ஒட்டினேன். பழைய பதிவுகளில் படம் இருந்த இடம் வெறும் கட்டமாக இருந்தது. அப்பா படங்களை வேறோர் இலவசத் தளத்தில் ஏற்றி இங்கே இணைத்திருந்தார், அந்தத் தளமே இப்போது இல்லை. இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைக் கொடுத்துத் தேடியதில் ஒன்பது படம் கிடைத்தது. ஒன்றில் எஞ்சினைத் திருப்பும் டர்ன்டேபிள் பக்கத்தில் அப்பா நிற்கிறார், தோளில் பருத்திக் கழிவுத் துணி.

எழுதுகிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிளாகர் அமைப்புகளில் காப்பெடுக்கும் வசதி இருக்கிறது. அது தரும் கோப்பில் எழுத்து மட்டும்தான், படங்களின் முகவரி இருக்குமே தவிர படம் இருக்காது. படங்களைத் தனியாக வையுங்கள். கூகுள் கணக்கில் செயலற்ற கணக்கு நிர்வாகி என்று ஒன்று உண்டு. நீங்கள் இத்தனை மாதம் வராவிட்டால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்று அதில் குறித்து வைக்கலாம், பத்துப் பேர் வரை சேர்க்கலாம். பத்து நிமிட வேலை.

நான் எடுத்ததையெல்லாம் இப்போது மெய்ப்புப் பார்க்கிறேன். பதிவுகளை மின்னூலாக்கி இலவசமாகத் தரும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்துக்குக் கொடுக்க எண்ணம். யாரும் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் தர வேண்டும். அம்மா சரி என்றுவிட்டார்.

இழையைத் தொடங்கியவர்

திருச்சி அம்மா, நேற்றிரவே நீங்கள் சொன்ன செயலற்ற கணக்கு நிர்வாகியைத் திறந்து என் மனைவியையும் மகளையும் சேர்த்துவிட்டேன்.

அப்பாவின் வலைப்பூ முகவரியை இங்கே இடுங்கள். வேபேக் மெஷினில் ஒவ்வொரு பக்கமாகக் கொடுத்து இப்போதே சேமிக்கச் சொல்லலாம், அதற்குக் கடவுச்சொல் வேண்டாம். முதல் 106 பதிவுகளை நான் ஏற்றுகிறேன். மீதியை யார் எடுக்கிறீர்கள் என்று கீழே சொல்லுங்கள்.