புதுப்பிப்பு: ஆன்டெனா கூடியும் அப்லிங்க் ஏறவில்லை, காரணம் கிடைத்தது

திறந்த ஹால் ஒன்றில் ஆன்டெனாவை ஒன்றிலிருந்து நான்காக்கினால் என் சிமுலேஷனில் டவுன்லிங்க் (ஆன்டெனாவிலிருந்து போனுக்கு வரும் சிக்னல்) மட்டும் ஏறுகிறது, அப்லிங்க் (போனிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் சிக்னல்) ஏன் அப்படியே நிற்கிறது என்று கேட்டிருந்தேனே, கணக்கு இதுதான்.

நான்கு ரிமோட் யூனிட்டும் (ஒவ்வொரு ஆன்டெனாவோடும் இருக்கும் பெட்டி) ஒரே ரிசீவரில் சேர்கின்றன. போனுக்குப் பக்கத்து யூனிட்தான் உருப்படியான சிக்னல் தருகிறது. மற்ற மூன்றும் வெறும் இரைச்சல். இரைச்சல் நான்கு மடங்கு, அதாவது 6 டெசிபெல். பரப்பு நான்காகப் பிரிந்ததால் போனுக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே தூரம் பாதி. பாதை இழப்பு அடுக்கு (தூரம் கூடக்கூட சிக்னல் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைச் சொல்லும் எண்) 2 என்றால் லாபமும் அதே 6. வரவும் செலவும் சரி! சுவர்கள் நிறைந்த தளத்தில் அடுக்கு 3 என்று வைத்தால் லாபம் 9, மிச்சம் 3.

யூனிட்டுகளைத் தனித்தனியாகக் கொண்டுவந்து சிக்னல் தரத்துக்கேற்ப எடைபோட்டுச் சேர்த்தால் இரைச்சல் தொல்லை இல்லை. ஆனால் ஃபைபர் செலவு எகிறும். ஷேடோயிங்கை (தடைகள் சிக்னலை மறைப்பதால் வரும் ஏற்ற இறக்கம்) அடுத்து சிமுலேஷனில் சேர்க்கிறேன், ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தனியாக.