எபிடூரலுக்கு ‘மீயொலி வழிகாட்டல்’ சரியா வருமா?

அண்ணா, வயசானவங்களுக்கு அல்ட்ராசவுண்ட் உதவியோட எபிடூரல் (முதுகு வழியா உடம்பை மரத்துப்போக வைக்கற ஊசி) போடறதுக்கு ‘மீயொலி வழிகாட்டலில் தண்டுவட ஊசி’ன்னு நீங்க தமிழ்ல தலைப்பு போட்டிருந்ததைப் பார்த்தேன். மீயொலி இருக்கட்டும், அதுல சண்டை இல்ல. ‘தண்டுவட ஊசி’, ‘வழிகாட்டல்’ மத்த ரெண்டும்தான் இடிக்குது.

தண்டுவட ஊசின்னா எல்லாரும் ஸ்பைனல்னுதான் எடுத்துப்பாங்க. ஸ்பைனல்ல ஊசி தண்டுவடத்தைச் சுத்தியிருக்கற டியூரா உறையைத் துளைச்சு உள்ள இருக்கற நீர் வரைக்கும் போகும், எபிடூரல்ல உறைக்கு வெளியிலயே நின்னுடணும், நிக்கறதுலதான் வேலையே இருக்கு, தடிச்ச டூயி ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிக்கிட்டே சிரிஞ்சை அழுத்திப் பாப்போம், லிகமெண்டம் ஃப்ளேவம்ங்கற நாரைத் தாண்டினதும் இறுக்கம் சட்டுனு விட்டு சலைன் வழுக்கிட்டுப் போகுமே, அந்த இடம். அதுக்கு ‘உறைவெளி’ன்னு வைக்கலாம். வெளின்னா புறம், வெளின்னா இடைவெளியும்தான். ‘உறைமேல்’னு ஒரு யோசனையும் உண்டு, ‘மேல்’ங்கற அர்த்தம் தர்ற ‘எபி’க்கு அது நேர் மொழிபெயர்ப்பு, ஆனா உட்கார்ந்திருக்கறவர் முதுகுல மேல்னா தலைப்பக்கம்னு அர்த்தமாயிடும். (டியூரா மேட்டரே அரபுல இருந்து லத்தீனுக்குப் போன மொழிபெயர்ப்பு, ‘கடினத் தாய்’. நாமளும் ‘வன்தாய்’னு கிளம்பினா நோயாளி எழுந்து ஓடிடுவார்.)

அடுத்து ‘வழிகாட்டல்’. அதைக் கேட்டா ஊசி போற வழி பூரா திரையில தெரியற மாதிரி தோணுது. அப்படிச் செய்யறதும் உண்டுதான், ஆனா வயசானவங்களுக்கு நாங்க செய்யறது பெரும்பாலும் வேற. முதுகெலும்பு கோணியிருக்கும், நார்ல சுண்ணாம்பு ஏறியிருக்கும், எலும்பு வளர்ந்து இடுக்கெல்லாம் குறுகியிருக்கும், குனியச் சொன்னாலும் முடியாது, விரலால தடவி எண்ணினா ஒரு எலும்பு தள்ளிக்கூட போயிடும். அதனால 2–5 மெகாஹெர்ட்ஸ் வளைவு புரோபை (தோல்மேல வச்சுப் பாக்கற கருவி) முதுகோட நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் பக்கத்துல வச்சு உள்பக்கமா சாய்ச்சுப் பாப்போம். எலும்பு ஒலியைத் தடுக்கறதால ரம்பப் பல்லு மாதிரி வரிசையா தெரியும், பின்னாடி கறுப்பு நிழல், ரெண்டு பல்லுக்கு நடுவுல மெல்லிசா ஒரு வெள்ளைக்கோடு கிடைச்சா அதுதான் வாசல். ஆழத்தை அளந்துட்டு, தோல்ல பேனாவால குறி போட்டு, ஜெல்லைத் துடைச்சு, புரோபைத் தூக்கி வச்சுடுவோம். ஊசி போறப்ப மெஷின் ஓரமா நிக்குது, வழிகாட்டறது கைதான்!

பிரிட்டன்ல சிகிச்சை வழிமுறை வகுக்கற அமைப்பான நைஸ் 2008ல கொடுத்த வழிமுறையும், முன்னாடியே பார்த்துக் குறிக்கறது, ஊசி போறப்பவே பாக்கறதுன்னு ரெண்டையும் பிரிச்சுத்தான் சொல்லுது. அதனால நமக்கும் ரெண்டு சொல் வேணும். குத்தறதுக்கு முன்னாடி பாக்கறதுக்கு ‘முன்னோட்டம்’னு முதல்ல நினைச்சேன், அது டிரெய்லர் ஆயிடுச்சு. ‘மீயொலி முன்காணல்’, ‘மீயொலி உடன்காணல்’ எப்படி இருக்கு? ‘வயதானவர்க்கு மீயொலி முன்காணலுடன் உறைவெளி ஊசி’ன்னு தலைப்பு வச்சா படிக்கறவங்களுக்கு நடக்கறது நடக்கற வரிசையிலயே புரியும்.

உடன்காணல்ல மட்டும் எனக்கே முழு திருப்தி இல்ல, நேர்காணலுக்குத் தம்பி மாதிரி ஒலிக்குது. வேற தோணினா சொல்லுங்கண்ணா.