ஹோட்டல் வேலைக்கு ரெஸ்யூமே அனுப்பியும் அழைப்பே இல்லை

தேவகோட்டை பி.காம்:
கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளை ஹோட்டலாக்கியிருக்கிறார்களே, அங்கே ரிசப்ஷன் வேலைக்கு ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். ஒருவரும் கூப்பிடவில்லை. எங்கே தப்பு?

ஆள் எடுப்பவர்:
தம்பி, இந்தப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு ஆள் எடுப்பது நான்தான், அதனால் நேராகவே சொல்கிறேன். எல்லா இடத்துக்கும் ஒரே ரெஸ்யூமே போனால் பார்த்ததுமே தெரிந்துவிடும். அப்பா பெயர், உயரம், கடைசியில் 'மேற்கூறியவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி, இதெல்லாம் எனக்கு எதற்கு? என்னென்ன மொழி பேசுவீர்கள், இரவு ஷிப்ட் முடியுமா, ஞாயிறு வருவீர்களா, இது முதல் பாதிப் பக்கத்திலேயே இருக்கட்டும். மாமா கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் அதையும் எழுதுங்கள், நம் பிள்ளைகள் அதை வேலையாகவே நினைப்பதில்லை. அப்புறம் போன் நம்பரைச் சரிபாருங்கள் (சிரிக்காதீர்கள், தப்பு நம்பர் நிறைய வருகிறது).

பள்ளத்தூர் அக்கா:
நேர்காணலில் அந்த வீடுகளில் முகப்பு (வாசல் பக்கத் திண்ணைப் பகுதி) எது, வளவு (நடு முற்றமும் சுற்றியுள்ள அறைகளும்) எது, இரண்டாம் கட்டு (அதற்குப் பின்னால் உள்ள பகுதி) எது என்று கேட்பார்கள். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றித்தான் செய்கிறார்கள், ஒரு தடவை போய்ப் பார்த்துவிடு தம்பி, விருந்தாளிகள் கட்டாயம் கேட்பார்கள்.

தேவகோட்டை பி.காம்:
சரி அக்கா. சார், சம்பளத்தை எப்போது கேட்பது?

ஆள் எடுப்பவர்:
முதல் போனிலேயே கேளுங்கள். சாப்பாடு, தங்குமிடம் உண்டா, பிஎஃப் பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து. கேட்டதற்கே கோபப்படுகிற இடம் வேண்டாம்.