மாடா உழைச்சும் சம்பளம் ஏறல, என்ன செய்ய?

கேள்வி (ஹட்டன்):
ஹார்ட்வெயார் கடையில 3 வருஷம். லீவு போட்டது அம்மா தவறினப்ப மட்டுந்தான். கேட்டா "பார்ப்பம் தம்பி"ங்கிறார் முதலாளி.

பதில் (மஸ்கெலியா):
தம்பி, நான் தேயிலை ஸ்டோர்ல, அதான் ஃபெக்டரியில, கொழுந்த வாட விட்டுப் பரப்பத்தான் சேர்ந்தேன். ராவு ரெண்டு மணிக்கும் ஒரு பிடி அள்ளி, வாடிருச்சான்னு அமுக்கிப் பார்ப்பேன். மழைக் கொழுந்து பதமாக எத்தன மணித்தியாலம், வெயில் கொழுந்துக்கு எத்தன, எல்லாம் ஒரு சீஆர் கொப்பியில எழுதினேன். (சம்சாரம் அதக் கிழிச்சு அடுப்பு மூட்டப் பார்த்தா!) தூள் தயாரிக்கிறதப் பொறுப்பா பார்க்குற டீமேக்கர் காய்ச்சல்ல படுத்த கிழமை தூள் கெடாமப் போனது அந்தக் கொப்பியாலதான். அதக் கையில வச்சுக்கிட்டுத்தான் சம்பளம் கேட்டேன். ஏத்தினாங்க, சூப்பர்வைசராவும் போட்டாங்க. சும்மா உழைச்சா யாருக்கும் தெரியாதுப்பா.

பதில் (பண்டாரவளை):
கூட்டினா அடிப்படைச் சம்பளத்துல கூட்டச் சொல்லுங்க. ஈபிஎஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) முதலாளி 12 வீதம், நாம 8 வீதம். ஓவர்டைம் காசு அந்தக் கணக்குல சேராது.

கேள்வி கேட்டவர்:
ஸ்டொக் கொப்பி எழுதுறதே நான்தான் அண்ணே. திங்கக்கிழமை அதோட போறேன்.